விலகி நிற்கத் தெரிந்த விடுதி

(ஐயப்பன்தாங்கலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழமையும் இயற்கையும் சூழ்ந்த இடத்தில் ஒரு ஹோட்டலை எப்படிக் கட்டுவது என்பது இன்றைய பொருள். மாமல்லபுரத்திலோ ஏற்காட்டிலோ பேச வேண்டியதை இங்கே ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். நம்மைச் சுற்றிப் பாருங்கள். தியாகராஜர் பஞ்சரத்தினம் பாடிய கோவூர் நமக்குப் பக்கத்து ஊர். மாங்காட்டுக் காமாட்சியம்மன் கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும், திருக்கச்சிநம்பி பிறந்த பூந்தமல்லியும், திருமழிசையாழ்வாரின் திருமழிசையும் ஒரே மாலையில் சுற்றி வரக்கூடிய ஊர்கள். இவற்றுக்கு இடையில் போரூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி, ஊருக்கு ஒன்றாக இருந்த சிற்றேரிகள், குட்டைகள். இத்தனை வரலாறும் நீரும் உள்ள பகுதியை வெறும் புறநகர் என்று பெயரிட்டுக் கடந்துபோவது நாம் நமக்கே செய்துகொள்ளும் அநியாயம்.

ஹோட்டல்களும் இங்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. போரூர் ராமச்சந்திரா மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்கள் நாள்கணக்கில் தங்க இடம் தேடுகின்றன. மாங்காட்டுக்கும் திருவேற்காட்டுக்கும் வரும் பக்தர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் மெட்ரோ தடம் நம் தலைக்கு மேலேயே எழுந்து நிற்கிறது. மவுண்ட் பூந்தமல்லி சாலையின் இரு பக்கமும் இனி எழப்போகும் கட்டடங்களில் கணிசமானவை தங்கும் விடுதிகளாக இருக்கும். அவை எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசினால்தான் பயன்.

இடத்தோடு ஒட்டிப்போகும் ஹோட்டல் வேண்டும் என்று உரிமையாளர் ஒருவர் சொன்னவுடன் நம் தொழிலில் வழக்கமாக என்ன நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எலிவேஷனில் கை வைப்போம். முகப்பில் ஃபைபரில் வார்த்த யாளி, சிமெண்டில் ஒரு சிறு கோபுரம், வரவேற்பறையில் தஞ்சாவூர் ஓவியம், வாசலில் ஒரு கல் உருளி. உள்ளே போனால் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய அதே நடைபாதை, அதே திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். கோயிலிலிருந்து ஓர் அலங்காரத்தை எடுத்து ஒட்டுவதால் கட்டடம் அந்தக் கோயிலுக்கு உறவாகிவிடாது. அதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் கேள்வியே வேறு இடத்தில் இருக்கிறது. கட்டடம் எதைப் போலத் தோன்ற வேண்டும் என்று கேட்பதற்கு முன், அது எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே இருக்கிறது.

அந்த ஹோட்டலை வடிவமைத்த இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1919இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பிறகு சட்டமும் படித்து வழக்கறிஞரானார். 1948இல் பெந்தோட்டை அருகே லுனுகங்கா என்ற பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதை ஒரு தோட்டமாக மாற்ற முனைந்தபோதுதான் தமக்குக் கட்டடக்கலை தெரியவில்லை என்று உணர்ந்தார். லண்டனில் சேர்ந்து படித்து, 1957இல், 38ஆம் வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். இங்கே இருக்கும் மாணவர்கள் இந்த வயதைக் கவனிக்க வேண்டும். மரம், நீர், மேடு, பள்ளம் இவற்றோடு பல ஆண்டு பழகிய பிறகே அவர் கட்டடத்துக்கு வந்தார். அதன் அடையாளம் அவருடைய எல்லாக் கட்டடங்களிலும் தெரியும்.

1990களின் தொடக்கத்தில் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் சிகிரியா அருகே ஒரு ஹோட்டல் கட்ட விரும்பியது. சிகிரியா 1982 முதலே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பாறைக் கோட்டை. அதன் அடிவாரத்தில் மனை காட்டினார்கள். விருந்தினர் ஜன்னலைத் திறந்தால் எதிரே பாறை. வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பாவா அதை ஏற்கவில்லை. ஹெலிகாப்டரில் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்து, சிகிரியாவிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கண்டலமக் குளத்தின் கரைமேல் எழும் ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து பார்த்தால் குளத்து நீருக்கு அப்பால், காட்டுக்கு மேலே, சிகிரியா தொலைவில் தெரியும்.

இந்த ஒரு முடிவில் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன். அடிவாரத்தில் கட்டியிருந்தால் ஹோட்டல் எவ்வளவு அடக்கமாக இருந்தாலும் பாறைக்குப் போட்டியாகவே நின்றிருக்கும். அதன் விளக்குகள் பாறைமேல் விழுந்திருக்கும். பேருந்துகள் பாறை அடியில் நின்றிருக்கும். சிகிரியாவைப் பார்க்க வரும் சாதாரண மனிதர் முதலில் ஹோட்டலைப் பார்த்திருப்பார். தள்ளிப் போனதால் பாறை பாறையாகவே இருந்தது. ஹோட்டலுக்கும் ஒரு நல்ல காட்சி கிடைத்தது. மிகப் பெரிய ஒன்றைக் கிட்ட நின்று பார்ப்பதைவிடத் தொலைவில் நீருக்கு மேல் பார்ப்பது அதன் பெருமையைக் கூட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பாதி வேலை முடிந்தது என்றேன். மீதிப் பாதியும் எளிதல்ல. 152 அறைகள் கொண்ட பெரிய கட்டடம் அது. பாறையின் விளிம்பை ஒட்டி வளைந்து வளைந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீள்கிறது. ஆனால் அதை முழுசாக எங்கிருந்தும் பார்க்க முடியாது. காட்டுப் பாதையில் ஏறி வரும் வண்டி குகை வாய் போன்ற ஒரு நிழலுக்குள் நிற்கிறது. மாளிகை முகப்பு கிடையாது, நீரூற்று கிடையாது. அங்கிருந்து பாறையை ஒட்டிய ஓர் இடுக்கு வழி. அதைக் கடந்து திரும்பினால்தான் கூடம் திறந்து, குளமும் வானமும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. பிறகு அறைகளுக்குப் போகும் நடைபாதைகள். ஒரு பக்கம் அறைக் கதவுகள், மறுபக்கம் மலையின் பாறையே. வெட்டி மட்டப்படுத்தாமல் விட்ட பாறை. அந்தப் பாதைகளில் ஏசி கிடையாது. காற்று போகும், மழைச் சாரல் வரும், குரங்கும் வரும். குளிரூட்டிய அறைக்கும் வெளியுலகுக்கும் இடையே இப்படி ஒரு திறந்த பகுதி இருப்பதால், விருந்தினர் தாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை நாளில் பலமுறை உடம்பால் உணர்கிறார்.

கட்டடத்தின் உடல் வெறும் கான்கிரீட் தூணும் உத்திரமும் தளமும்தான். அதைக் கல் போலக் காட்ட அவர் முயலவில்லை. அடர்ந்த நிறம் பூசினார். வெளிப்புறத்தில் மரச் சட்டங்களைத் திரை போலக் கட்டி, அவற்றின்மேல் கொடிகளை ஏறவிட்டார். மொட்டைமாடிகளில் மண் போட்டுச் செடிகள் வளர்த்தார். 1994இல் திறந்தபோது எலும்புக்கூடு போலத் தெரிந்த கட்டடத்தைப் பச்சை மூடிவிட்டது. இன்று குளத்தின் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவருக்கு எது மலை, எது கட்டடம் என்று பிரித்துச் சொல்வது கடினம். சிங்கள அரண்மனைகளின் அலங்காரத்திலிருந்தோ தாகபை என்னும் பௌத்தத் தூபியின் வடிவத்திலிருந்தோ தம்புள்ளைக் குகை ஓவியங்களிலிருந்தோ அங்கே எதுவும் ஒட்டப்படவில்லை. மாடிப்படியின் அருகே லக்கி சேனாநாயக்க செய்த பெரிய ஆந்தைச் சிற்பம் ஒன்று சிறகு விரித்து நிற்கிறது. அது அந்தக் காட்டுப் பறவை. கோயிலிலிருந்து கொண்டுவந்ததல்ல.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, படங்களில் அதிகம் வராத ஒன்று. கட்டடம் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. மலையில் பெய்யும் மழைநீர் கட்டடத்துக்கு அடியில் ஓடி, முன்பு போன வழியிலேயே குளத்துக்குப் போகிறது. பாறையைத் தகர்த்து மேடை கட்டி, அந்த மேடைமேல் ஹோட்டலை வைத்திருந்தால் நீர் வழி அடைபட்டிருக்கும். செலவும் ஒருவேளை குறைந்திருக்கும். தூக்கி நிறுத்துவதற்குப் பொறியாளரின் உழைப்பு நிறைய வேண்டும்.

இந்த ஹோட்டல் எல்லோருடைய வாழ்த்தோடும் எழுந்தது என்று சொன்னால் பொய்யாகும். கட்டும் திட்டம் தெரிந்ததுமே தம்புள்ளை விகாரையின் பிக்குகளும் சுற்றுக் கிராமத்தாரும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். கண்டலமக் குளம் உழவர்களின் பாசனக் குளம். ஹோட்டல் கழிவுநீர் அதில் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். காட்டையும் வனவிலங்கையும் பற்றிக் கேட்டார்கள். புனிதத் தலத்துக்குப் பக்கத்தில் உல்லாச விடுதி எதற்கு என்றும் கேட்டார்கள். 1992இல் பெரிய போராட்டமே நடந்தது. பாவாவின் கலையைப் போற்றும் பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மக்கள் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. குளத்து நீர் அவர்களுடையது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் சுற்றியுள்ள காட்டைப் பேணுவதிலும் அந்த ஹோட்டல் பின்னாளில் நல்ல பெயர் வாங்கியது. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் சான்றிதழை உலகிலேயே முதலில் பெற்ற ஹோட்டல்களில் அதுவும் ஒன்று. அத்தனை கண்கள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு இதில் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊராரின் எதிர்ப்பைத் தடையாகக் கருதும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. மனையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள் என்று அதைக் கேட்கப் பழக வேண்டும்.

பாவா எல்லா இடத்திலும் கண்டலம ஹோட்டலையே திரும்பக் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் 1960களின் இறுதியில் எழுந்தது. பழைய கோட்டை இருந்த மேட்டில், கோட்டைச் சுவரை நினைவூட்டும் கரடுமுரடான கல் அடித்தளம் போட்டு, மேலே ஓட்டுக் கூரையுள்ள தளங்களை வைத்தார். அதே மனிதர் அகுங்கல்லையில் சமதளமான கடற்கரையில் நீச்சல் குளத்தின் நீர்மட்டத்தைக் கடலின் கோட்டோடு சேர்த்தார். காலி நகரில் அலை மோதும் பாறைமேல் வேறு மாதிரி கட்டினார். இடம் மாறினால் விடையும் மாறியது. நெளிந்த சிமெண்ட் தகடுகளின்மேல் நாட்டு ஓடுகளைப் பரப்பி, ஒழுகாத, செலவு குறைந்த கூரை செய்தது அவருடைய காலத்தில் பரவிய முறை. நம் ஊர்க் கொத்தனாருக்குச் சொன்னால் அரை நாளில் கற்றுக்கொள்வார். இந்தக் கட்டடங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தமிழர் இருந்தார். பாவாவின் நிறுவனத்தில் நீண்ட காலம் பங்குதாரராக இருந்த பொறியாளர் கே. பூலோகசுந்தரம். 1982இல் திறக்கப்பட்ட இலங்கையின் கோட்டே நாடாளுமன்றக் கட்டடமும் அந்தக் கூட்டு உழைப்பின் காலத்தது. கோடு வரைபவரின் பெயர் நிலைக்கிறது. அந்தக் கோட்டைத் தாங்க வைத்தவரின் பெயர் மறைந்துவிடுகிறது. இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளைகள் அவர் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவாவைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. மதுரைக்குப் போனால் போதும். கோச்சடையில், மதுரைக்காரர்கள் இன்றும் ஹார்வி மில் என்று சொல்லும் மதுரா கோட்ஸ் ஆலையின் அலுவலர்களுக்காக 1970களின் தொடக்கத்தில் அவர் ஒரு கிளப் கட்டினார். உள்ளூர்க் கருங்கல், ஓட்டுக் கூரை, ஆழமான தாழ்வாரம், பழைய கட்டடங்களிலிருந்து பெற்ற தூண்கள். அது இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற ஹோட்டலாக நடக்கிறது. மதுரையின் வெயிலை அறிந்தவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் சித்திரை மாத மதியத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிழல் என்பது ஒரு கட்டுமானப் பொருள் என்பது அங்கே புரியும். கோபுரத்தைப் போல எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் அது மதுரைக் கட்டடம்தான். இதே காலத்தில் சென்னைக் கன்னிமாரா ஹோட்டலையும் அவர் புதுப்பித்துக் கொடுத்தார்.

கட்டாமலே ஹோட்டல் ஆக்கும் வழியும் ஒன்று உண்டு. செட்டிநாட்டில் அதைப் பார்க்கிறோம். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் எல்லாம் இருந்த வீட்டைக் காப்பாற்றிப் பயன்படுத்தியவை. திண்ணை, முகப்பு, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாங்கட்டு என்று வரிசையாகப் போகும் அந்த வீடுகளில் காற்றும் வெளிச்சமும் மழைநீரும் எப்படி நடக்க வேண்டும் என்பது முன்பே தீர்மானமாகி இருக்கிறது. வளவில் விழும் மழை சேமிப்புக்குப் போகிறது, ஊரில் விழும் மழை ஊருணிக்குப் போகிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருப்பதற்கு மாளிகைகள் மட்டும் காரணமல்ல, இந்த நீர் ஏற்பாடும் காரணம். அங்கே ஹோட்டல் நடத்த வருபவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆத்தங்குடி ஓட்டைப் பெயர்த்துவிட்டு வழவழப்பான டைல்ஸ் போடாதீர்கள். குளியலறை வேண்டுமென்றால் பின்கட்டில் சேருங்கள், வளவை மூடிக் கண்ணாடிக் கூரை போடாதீர்கள். கேரளத்தில் குமரகத்தின் கோக்கனட் லகூன், 1990களில் பழைய மரவீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி பொருத்தி எழுப்பியது. அழியவிருந்த வீடுகள் பிழைத்தன. அது நல்ல காரியம். ஆனால் ஒரு வீட்டை அதன் ஊரிலிருந்து எடுத்து வந்தால் அதன் பாதிப் பொருள் அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யத்தக்க வேலை அது.

சட்டமும் இதில் பேச வேண்டியதைப் பேசியிருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது 2010 சட்டத் திருத்தம். கடற்கரைக்குத் தனி ஒழுங்குமுறை 1991 முதல் இருக்கிறது. பாலித் தீவில் 1966இல் பத்து மாடி ஹோட்டல் ஒன்று கடற்கரையில் எழுந்த பிறகு, அங்குள்ளவர்கள் விழித்துக்கொண்டு, தென்னை மரத்தின் உயரத்தைக் கணக்கில் வைத்து 15 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் நம் பகுதியின் பெரும்பாலான கோயில்களும் ஏரிகளும் குன்றுகளும் இப்படிப்பட்ட எந்தப் பட்டியலுக்குள்ளும் வராதவை. சட்டம் கேட்காத இடத்தில் கட்டுபவர்தான் தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மாங்காட்டைத் தாண்டினால் சிக்கராயபுரம். அங்கே கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகள் வரிசையாக இருக்கின்றன. பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சையும் நீலமுமாக நீர். 2017இலும் 2019இலும் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது குடிநீர் வாரியம் அந்த நீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பியது. கல் எடுத்த பள்ளம் ஒரு நகரத்தின் தாகத்தைத் தணித்தது. நல்ல கண்ணுள்ள ஒரு முதலீட்டாளர் அந்தப் பாறைச் சுவர்களைப் பார்த்தால் உடனே ஒரு ரிசார்ட் நினைவுக்கு வரும். உலகில் முன்மாதிரியும் இருக்கிறது. சீனாவில் ஷாங்காய் அருகே கைவிடப்பட்ட ஒரு குவாரிக்குள், 90 மீட்டரை நெருங்கும் ஆழத்தில், பாறைச் சுவரை ஒட்டி 2018இல் ஒரு பெரிய ஹோட்டலைத் திறந்தார்கள். சில தளங்கள் நீருக்கு அடியிலேயே இருக்கின்றன. பொறியியல் என்ற அளவில் அது வியக்கத்தக்க சாதனை. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே பள்ளம் ஹோட்டலுக்குச் சொந்தமாகிவிட்டது. சிக்கராயபுரத்தில் நீர் ஊருக்குச் சொந்தம். அங்கே பள்ளத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ ஒரு தூண்கூட இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்ட வேண்டுமானால் கண்டலமவின் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். தள்ளி நின்று, நீரைத் தொலைவில் பார்க்கும்படி, கழிவுநீர் எந்த நிலையிலும் பள்ளத்தின் பக்கம் சரியாதபடி.

குன்றத்தூரிலும் இதே யோசனைதான். முருகன் கோயில் குன்றின் அடியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று வந்தால், படியேறும் பக்தருக்குச் சுற்றுவெளி போய்விடும். கீழே நிற்பவருக்குக் குன்றே போய்விடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு மாடியில், குன்றைப் பார்த்த தாழ்வாரங்களோடு கட்டினால் அந்தக் குன்று ஹோட்டலுக்கும் கிடைக்கும், ஊருக்கும் மிஞ்சும்.

ஐயப்பன்தாங்கலுக்கு வந்தால் குன்று இல்லை, குவாரி இல்லை. நெரிசலான சாலை, பேருந்துப் பணிமனை, மெட்ரோ தூண்கள், இடையில் மீந்திருக்கும் ஏரி. இங்கே இயற்கைச் சூழல் என்றால் முதலில் நீர்தான். சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. பரணிபுத்தூரிலும் மாங்காட்டிலும் கொளப்பாக்கத்திலும் ஒவ்வொரு மழைக்காலமும் தெருவில் நீர் நிற்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு புதுக் கட்டடமும் தன் மனையை இரண்டு அடி உயர்த்திக்கொள்கிறது. அந்த நீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அவரும் உயர்த்துகிறார். இங்கே ஹோட்டல் கட்டுபவர் மனையை மண் கொட்டி உயர்த்தாமல் கட்டடத்தைத் தூண்மேல் உயர்த்த வேண்டும். தரைத்தளத்தில் வண்டி நிறுத்தத் தூண்களை எப்படியும் போடத்தான் போகிறோம். அந்தத் தளத்தைச் சுற்றுச்சுவர் கட்டி அடைக்காமல், நீர் நுழைந்து வெளியேறும் வழியை விட்டால், பாவா மலைமேல் செய்ததை நாம் சமவெளியில் செய்துவிடலாம். தரை முழுக்கக் கான்கிரீட் போட வேண்டாம். ஜெனரேட்டரும் மின்பலகையும் கீழே இல்லாமல் முதல் தளத்தில் இருக்கட்டும்.

அடுத்தது காற்று. கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறோம். கோடையில் மெரினாவுக்கு மதியமே வரும் கடற்காற்று நமக்குப் பிந்தித்தான் வரும். சில நாள் வராமலே போகும். அதனால் மேற்கு வெயிலை எதிர்கொள்ளும் கண்ணாடிச் சுவர் இங்கே பெரிய பிழை. அறைகளை வடக்கும் தெற்கும் பார்த்து அடுக்கி, மேற்கில் படிக்கட்டு, லிஃப்ட், துணி அறை, தண்ணீர்த் தொட்டி இவற்றை வைத்து வெயிலைத் தடுக்கலாம். கிழக்கும் தென்கிழக்கும் திறந்த தாழ்வாரங்கள் இருந்தால் மாலைக் காற்று வரும்போது வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு வந்து தங்கும் குடும்பத்துக்கு இந்தத் தாழ்வாரம் மிகவும் வேண்டும். நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வரும் ஒருவர் ஏசி அறைக்குள் தனியாக அடைந்து கிடப்பதைவிட, வேப்ப மரத்தைப் பார்த்து நான்கு பேரோடு உட்கார்ந்திருக்க ஒரு திண்ணை இருந்தால் அதன் மதிப்பு அவருக்குத் தெரியும். அவர் தன் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொள்ள ஒரு பொதுச் சமையலறையும் இருக்கட்டும்.

தோட்டத்தில் கொரியன் புல்லும் வெளிநாட்டுப் பனையும் வேண்டாம். புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை, வேம்பு நம் மண்ணில் தானே நிற்கும். மனையில் ஏற்கெனவே ஒரு பெரிய மரம் இருந்தால் வரைபடத்தை அதைச் சுற்றி வரையுங்கள். மரத்தை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நட்டுவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார், பெரும்பாலும் பிழைக்காது. சுவருக்குத் திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைச் செங்கல் போதும். நன்றாகக் கட்டி, பூசாமல் விட்டாலே அழகு. மெட்ராஸ் டெரஸ் என்னும் மரபுக் கூரையைப் போடத் தெரிந்த பழைய மேஸ்திரிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரே ஒரு தாழ்வாரத்துக்காவது அவர்களைக் கூப்பிடுங்கள். அந்தக் கைவேலை அடுத்த தலைமுறைக்குப் போக அதைவிட நல்ல வழி கிடையாது.

கட்டடக்கலைப் பத்திரிகைகளில் வராத பின்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஹோட்டல் ஊரோடு ஒட்டுகிறதா இல்லையா என்பதை அண்டை வீட்டார் முகப்பை வைத்து முடிவு செய்வதில்லை. ஜெனரேட்டர் புகை யார் ஜன்னலுக்குப் போகிறது, சமையலறைக் கழிவு எங்கே போகிறது, துணி துவைத்த சோப்பு நீர் எந்த வாய்க்காலில் விழுகிறது, இரவு பத்து மணிக்குத் திருமண மண்டபத்துச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது, விருந்தினர் கார்கள் யார் வாசலில் நிற்கின்றன, இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அது சரியான அளவுகோல். வேலை செய்யும் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள் என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும். பல இடங்களில் அவர்கள் ஜன்னல் இல்லாத அறைகளிலோ மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலோ தூங்குகிறார்கள். விருந்தினருக்குக் காற்றும் நிழலும் தந்துவிட்டு அவர்களுக்கு மறுக்கும் கட்டடத்தை நான் நல்ல கட்டடம் என்று சொல்ல மாட்டேன்.

மாணவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. நம் பகுதியில் மனையை அளக்கும் வேலையைப் பெரும்பாலும் கோடையில் செய்கிறோம். நிலம் காய்ந்திருக்கும், அளவு எளிது. அந்த வரைபடத்தில் நீர் இருக்காது. கார்த்திகையில் ஒரு கனமழைக்கு மறுநாள் காலை மறுபடி போங்கள். நீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எங்கே வழிந்து அடுத்த மனைக்கோ ஏரிக்கோ போகிறது என்று சுண்ணாம்பால் குறித்து, பிறகு அளந்து, அந்தக் கோடுகளை வரைபடத்தில் ஏற்றுங்கள். அவற்றின்மேல் எதையும் வைக்காமல் மீதி இடத்தில் அறைகளை அடுக்குங்கள். எட்டு அறை, பத்து அறை குறையும். குறையும் என்பதை உரிமையாளரிடம் முதல் கூட்டத்திலேயே, ஒப்பந்தம் எழுதும் முன்பே, கணக்கோடு சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அவர் கேட்க மாட்டார்.